உழைப்புக்கேற்ற சோறு: மாவுச்சத்தும் விவசாயியின் உடல் நலமும்

தென்காசி மாவட்டம் சுரண்டை வட்டாரம் குளத்துப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் காய்கறியும், மானாவாரியில் உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் விளையும் பூமி. இங்கு விளையும் கத்தரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம் ஆகியவை சுரண்டை, பாவூர்சத்திரம் சந்தைகளில் ஏலம் போய், செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு நாள்தோறும் லாரியில் ஏறுகின்றன. இவ்வளவு விளைவிக்கும் குடும்பங்களின் தட்டில் இருப்பது என்ன என்று பார்த்தால், பல வீடுகளில் சோறு நிறையவும், காய் கொஞ்சமாகவும், பருப்பு அதைவிடக் கொஞ்சமாகவும் இருப்பதைக் காணலாம்.

சர்க்கரை நோய் நகரத்தாரின் நோய், வயலில் இறங்கி உழைப்பவருக்கு அது வராது என்ற எண்ணம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. இந்த எண்ணம் இன்று உண்மையல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023 இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உள்ளது. நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். ஆனால் நோயின் வாசற்படியில் நிற்பவர்கள், அதாவது சர்க்கரை சற்றே ஏறியிருந்து இன்னும் நோயாக முற்றாதவர்கள், நகரத்திலும் கிராமத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாக, நூற்றுக்குப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். வாசற்படியில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப முடியும். அதற்குச் சோற்றை விரோதியாகக் கருத வேண்டியதில்லை. மாவுச்சத்து உடலில் என்ன செய்கிறது, எவ்வளவு தேவை, எதனுடன் சேர்த்து உண்ண வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நெல்மணியில் கட்டியதை உடல் அவிழ்க்கிறது

பச்சை இலை வெயிலையும் நீரையும் காற்றில் உள்ள கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரையைத் தயாரிக்கிறது. இந்தச் சர்க்கரை கதிருக்குச் சென்று மணியில் நிறைகிறது. பால் பிடிக்கும் பருவத்தில் நெல்மணியை நசுக்கி நாக்கில் வைத்தால் இலேசாக இனிப்பதை விவசாயிகள் அறிவார்கள். பின்னர் ஆயிரக்கணக்கான சர்க்கரைத் துகள்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டு, கெட்டியான மாவாக மணியில் சேமிக்கப்படுகின்றன. இதுவே மாவுச்சத்து. அரிசி, கோதுமை, கம்பு, சோளம், கேழ்வரகு, கிழங்குகள் ஆகிய அனைத்திலும் பெரும்பகுதி இதுதான். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பழங்களில் உள்ள இனிப்பு ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தவிட்டிலும் தோலிலும் காய்கறிகளிலும் உள்ள நார்ச்சத்தும் இக்குடும்பத்தின் உறுப்பினரே. ஆனால் நம் குடல் அதைச் செரிக்க முடியாது.

பயிர் கட்டிய சங்கிலியை நம் உடல் அவிழ்க்கிறது. வெறும் சோற்றை வாயில் வைத்து நன்றாக மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள நொதி மாவை அறுத்துச் சர்க்கரையாக்குவதே காரணம். மீதி வேலையைச் சிறுகுடலில் கணைய நீர் முடித்துவிடுகிறது. கடைசியில் சோறானாலும் சப்பாத்தியானாலும் களியானாலும் குளுக்கோஸ் என்ற எளிய சர்க்கரையாகவே இரத்தத்தில் கலக்கிறது. பயிர் நான்கு மாதத்தில் கட்டியதை நம் உடல் இரண்டு மூன்று மணி நேரத்தில் அவிழ்த்துவிடுகிறது.

ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி சக்தி தருகிறது. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. தசைகள் கடுமையாக உழைக்கும்போது முதலில் தேடுவதும் இதையே. ஆகவே மாவுச்சத்து கெட்ட பொருள் அல்ல. உழைப்பாளிக்கு அதுவே முதல் எரிபொருள்.

குளமும் மடையும் மறுகாலும்

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் எந்த நேரமும் கரைந்திருக்க வேண்டிய சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு சிறு கரண்டி மட்டுமே. ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசிச் சோறு உண்டால் 115 கிராமுக்குக் குறையாத சர்க்கரை சில மணி நேரத்தில் இரத்தத்துக்குள் வருகிறது. இருக்க வேண்டியதைப்போல் இருபது மடங்குக்கு மேல் வரும் இதை உடல் எப்படிச் சமாளிக்கிறது?

இதை நம் குளத்துப் பாசனத்துடன் ஒப்பிடலாம். வாய்க்காலில் வெள்ளம் வந்தால் மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சுகிறோம், குளத்தில் தேக்குகிறோம். குளமும் நிறைந்தால் மறுகால் பாய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியவுடன் கணையம் இன்சுலின் என்ற சுரப்பை அனுப்புகிறது. அதுவே மடை திறக்கும் கை. தசைகள் வயல் போன்றவை. சர்க்கரையை வாங்கி எரிக்கவும் செய்யும், 400 கிராம் அளவுக்குச் சேமிக்கவும் செய்யும். கல்லீரல் குளம் போன்றது. அது சுமார் 100 கிராமைத் தேக்கி வைத்து, இரவில் நாம் தூங்கும்போது சிறிது சிறிதாகத் திறந்துவிடுகிறது. இந்த இரண்டும் நிறைந்த பின்னும் சர்க்கரை வந்துகொண்டிருந்தால், அது கொழுப்பாக மாறி வயிற்றிலும் கல்லீரலிலும் படிகிறது. இதுவே மறுகால்.

தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு படியப் படிய மடைகள் தூர்ந்த மடைகளாகின்றன. இன்சுலின் தட்டினாலும் எளிதில் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. பல ஆண்டுகள் இப்படிப் போராடிக் களைத்த பின் இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. நீரிழிவு என்று நாம் பெயரிடுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். தூர்வை தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு.

இதில் உழைப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தசை வேலை செய்யும்போது இன்சுலின் அதிகம் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மண்வெட்டி பிடித்த கையும், வரப்பில் நடந்த காலும் தாமே மடையைத் திறந்துவிடுகின்றன.

வேலை குறைந்தது, சோறு குறையவில்லை

முன்பு கமலையில் நீர் இறைத்தார்கள். ஏர் பிடித்து உழுதார்கள். கையால் அறுத்துக் களத்துக்குச் சுமந்து அடித்தார்கள். இன்று மோட்டார் பொத்தானை அழுத்தினால் நீர் வருகிறது. டிராக்டர் உழுகிறது, அறுவடை இயந்திரம் அறுத்து அடித்துக் கொடுக்கிறது. வயலுக்குப் போக இரு சக்கர வாகனம் இருக்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றமே. உடம்பை முறிக்கும் வேலை குறைந்தது நல்லதுதான். ஆனால் கமலை இறைத்த காலத்துச் சோற்றளவு மட்டும் மாறாமல் நிற்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 65 கிலோ எடையுள்ள ஆண் கடின உழைப்பு செய்தால் அவருக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. நடுத்தர உழைப்புக்கு 2,710 கலோரி. உட்கார்ந்த வேலைக்கு 2,110 கலோரி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இதே வரிசையில் 2,720, 2,130, 1,660 கலோரிகள்.

கடின உழைப்பிலிருந்து நடுத்தர உழைப்புக்கு மாறிய ஆணுக்கு 760 கலோரி குறைகிறது. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி என்பதால், இது சுமார் 215 கிராம் அரிசிக்குச் சமம். உட்கார்ந்த வேலைக்கு மாறியவருக்கோ 1,360 கலோரி, அதாவது சுமார் 390 கிராம் அரிசி மிகுதியாகிறது. இந்த மிகுதி நாள்தோறும் மறுகால் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விவசாயம் செய்யும் எல்லோரும் ஒரே அளவு உழைப்பதில்லை. களை எடுக்கவும் நாற்று நடவும் செல்லும் தாய்மார்கள், சுமை தூக்குவோர், வெங்காயம் பிடுங்குவோர் ஆகியோரின் உழைப்பு இன்றும் கடினமானதே. அவர்கள் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. டிராக்டர் ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், சந்தையில் கணக்கு எழுதுபவர், வயதான பின் மேற்பார்வை மட்டும் செய்பவர் ஆகியோரே முதலில் தம் தட்டைப் பார்க்க வேண்டும்.

தட்டில் எது எவ்வளவு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் கீழ்க்கண்ட அளவுகள் கூறப்பட்டுள்ளன.

அரிசி, கம்பு முதலிய தானியங்கள் எல்லாம் சேர்த்து 250 கிராம்
பருப்பு, பயறு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம்
கீரை உட்படக் காய்கறிகள் 400 கிராம்
பழம் 100 கிராம்
பால் அல்லது தயிர் 300 மி.லி.
கடலை, எள் போன்ற கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம்
எண்ணெய் 27 கிராம்

மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இதன் சாரம். நம் நாட்டில் இப்போது உண்ணப்படும் உணவில் மொத்த மாவுச்சத்தின் பங்கு 62 சதவீதம் என்று 2025 இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு காட்டுகிறது.

250 கிராம் தானியம் என்பது மூன்று வேளைக்கும் சேர்த்து என்பதைக் கவனிக்க வேண்டும். காலையில் இட்டலியில் போகும் அரிசியும் இதில் அடங்கும். 200 மி.லி. டம்ளரில் தலைதட்டி எடுத்தால் ஏறத்தாழ 160 கிராம் அரிசி பிடிக்கும். ஆகவே நாள் முழுவதற்கும் ஒன்றரை டம்ளருக்குச் சற்று மேல். வீட்டில் உலை வைக்கும்முன் ஆளுக்கு எவ்வளவு அரிசி அளக்கிறோம் என்பதை ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பே பாதி வைத்தியம். கடின உழைப்பாளிகள் தேவைக்கேற்ப தானியத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பருப்பையும் காயையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

தீட்டிய அரிசியும் புழுங்கல் அரிசியும்

அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டத் தீட்ட, மேலே உள்ள தவிடும் முளையும் போய்விடுகின்றன. நார்ச்சத்து, எண்ணெய்ப் பசை, வைட்டமின்கள் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் உள்ளன. தவிடு மாட்டுக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது. மாவு நமக்கு வருகிறது.

இதனால் வந்த கேடு வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1890களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு நரம்புத் தளர்ச்சி வருவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் குணமாவதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயும் இதுவே என்று பின்னர் தெளிவாயிற்று. இதற்காக அவருக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் ராபர்ட் மெக்கரிசன் 1920களில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அக்காலத்தில் இந்நோய் சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடம் காணப்பட்டது. புழுங்கல் அரிசி உண்ட தென் பகுதிகளில் அது பெரிதாகத் தலைகாட்டவில்லை.

காரணம் எளியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டுப் பகுதியில் உள்ள பி1 வைட்டமின் மணியின் உட்பகுதிக்குப் பரவுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க இந்த வைட்டமின் இன்றியமையாதது. விறகு இருந்தும் தீக்குச்சி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது அல்லவா? அதைப் போன்றதே இது. நம் பாட்டன்மார் நெல்லை அவித்தது அரிசி நொறுங்காமல் இருக்க மட்டும் அல்ல என்பது இதனால் புலனாகும்.

புழுங்கலாக இருந்தாலும் மிகையாகத் தீட்டினால் பயனில்லை. சொந்த நெல்லை அரைக்கக் கொண்டுபோகும் விவசாயிகள், தவிடு முழுவதும் போகாமல் குறைவாகத் தீட்டித் தரும்படி ஆலைக்காரரிடம் கேட்டு வாங்கலாம். இப்படிப்பட்ட அரிசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நெடுநாள் வைத்தால் காறல் வாடை வரும். ஆகவே ஒரு மாதத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது.

உண்ட உணவு எவ்வளவு விரைவாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தூய குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டால் 70 அல்லது அதற்கு மேல் உள்ளவை விரைவாக ஏற்றுபவை. பொன்னி, சோனா மசூரி, சுர்த்தி கோலம் ஆகிய மூன்று தீட்டிய அரிசிகளைச் சோதித்ததில் மூன்றுமே 70 முதல் 77 வரை இருந்தன. எனவே விலை உயர்ந்த சன்ன ரகம் உடலுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இல்லை.

கம்பு மாமருந்தா?

கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 10 முதல் 11 கிராம் வரை நார்ச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 3 கிராம் அளவே. கம்பில் புரதம் 11 கிராம். அரிசியில் சுமார் 8 கிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. இவை நம் மானாவாரி நிலத்தில் குறைந்த நீரில் விளைபவை. ஆகவே வாரத்தில் சில வேளைகளாவது இவை தட்டில் இடம்பெற வேண்டும்.

எனினும் ஒன்றை மறக்கக்கூடாது. கம்பிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளது. சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தியோ கம்பங்கூழோ அதே அளவு உண்டால் பெரிய மாற்றம் நேராது என்பதே மேற்சொன்ன 2025 ஆய்வின் முக்கிய முடிவு. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியை, மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவையேனும் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் ஆகியவற்றின் புரதத்தை வைத்தவர்களிடம் நீரிழிவு அபாயம் குறைவாக இருந்தது. 2,000 கலோரி உண்பவருக்கு இந்த 5 சதவீதம் என்பது 30 கிராம் அரிசிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கைப்பிடி அரிசியைக் குறைத்து ஒரு கைப்பிடி பருப்பைக் கூட்டுங்கள் என்று இதை எளிமையாகச் சொல்லிவிடலாம்.

கிழங்கு காய் அல்ல

பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் விளையும் சிறுகிழங்கும், சேனையும், சேம்பும், சீனிக்கிழங்கும், பனங்கிழங்கும் தைப்பொங்கலுக்கு நம் வீடுகளில் தவறாமல் இடம்பெறுபவை. இவை நல்ல உணவே. ஆனால் இவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கிழங்கும் மண்ணுக்கடியில் சேமித்த மாவுச்சத்துதான். சோற்றுக்குக் கிழங்குப் பொரியல் தொட்டுக்கொள்வது, சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும். கிழங்கு சமைக்கும் நாளில் சோற்றைக் குறைத்து, கூடவே கீரை அல்லது அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சமையலிலேயே வழி இருக்கிறது

புதிய உணவு எதையும் தேடிப்போக வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையின் உளுந்தம்பருப்புச் சோறு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தோலுடன் கூடிய உடைத்த உளுந்து சேர்த்தால், 100 கிராம் கலவையில் புரதம் சுமார் 12 கிராமாக உயர்கிறது, மாவுச்சத்தும் குறைகிறது. உளுந்தின் தோலில் நார்ச்சத்து உள்ளது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு உளுந்தில் மிகுதி; உளுந்தில் குறைவான கூறு அரிசியில் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. எள்ளுத் துவையலும் அவியலும் சேர்ந்தால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் தட்டுக்கு மிக அருகில் வந்துவிடும்.

உண்ணும் வரிசையும் பயன் தரும். முதலில் காயும் கீரையும், பிறகு பருப்பு, கடைசியில் சோறு என்று உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். சாப்பிட்டவுடன் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தசைகள் வந்த சர்க்கரையை வாங்கிக்கொள்ளும்.

மாறாக, பதினொரு மணிக்கு இனிப்புத் தேநீரும், இரவில் மைதாப் புரோட்டாவும் பழக்கமாகிவிட்டால் மேற்சொன்ன பயன்கள் கரைந்துவிடும். ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். நாளைக்கு நான்கு முறை குடித்தால் 40 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது.

கடைசியில் சாப்பிடும் தாய்மார்களைப் பற்றி ஒரு சொல். பல வீடுகளில் எல்லோரும் உண்டபின் மீதியிருப்பது சோறும் ரசமும் மட்டுமே. காயும் பருப்பும் முன்பே தீர்ந்துவிடும். வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்யும் பெண்ணுக்கு வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை. இரத்தசோகையும் நீரிழிவும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடலில், சேர்ந்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பருப்பையும் காயையும் முதலிலேயே பங்கிட்டு எடுத்து வைத்துவிட வேண்டும்.

வயலில் செய்ய வேண்டியவை

1. நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு 1.6 கிலோ காய்கறி தேவை. சந்தைக்கு மூட்டை கட்டும் முன் வீட்டுப் பையை நிரப்புங்கள். அளவு தவறிய காயும், சற்று வளைந்த காயும் சத்தில் குறைந்தவை அல்ல.

2. அதே குடும்பத்துக்குப் பருப்பு, பயறு, முட்டை, மீன் வகைகள் ஆண்டுக்குச் சுமார் 125 கிலோ வேண்டும். புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக உளுந்து விதைப்போர், விளைந்ததை எல்லாம் விற்றுவிடாமல் 50 அல்லது 60 கிலோவை வீட்டுக்கு ஒதுக்கலாம். வம்பன் 8 போன்ற உளுந்து ரகங்கள் 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

3. மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அது பணப்பயிர், இருக்கட்டும். ஓரத்தில் சில சென்ட் நிலத்தில் வீட்டுக்கென்று கம்பு விதைத்து, தட்டைப்பயறை ஊடுபயிராக இடலாம். கம்பு மாவு விரைவில் காறும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கவும்.

4. கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் இரண்டு முருங்கை, ஓர் அகத்தி, ஒரு பாத்திக் கீரை இருக்கட்டும். பூச்சிமருந்து தெளிக்கும் வயலிலிருந்து இவை விலகி இருக்க வேண்டும்.

5. புறக்கடைக் கோழி ஐந்தாறு இருந்தால் குழந்தைகளுக்கு முட்டைக் கவலை இல்லை.

நீரிழிவு உள்ள விவசாயிகள் கவனத்துக்கு

வெறும் வயிற்றில் சர்க்கரை 100க்குக் கீழ் இருப்பது நல்லது. 100 முதல் 125 வரை வாசற்படி. 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறு சோதனையிலும் உறுதியானால் நீரிழிவு. முப்பது வயது கடந்த அனைவரும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்தும் பரிசோதிக்கிறார்கள்.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று சோற்றை நிறுத்தக்கூடாது. வயலில் வேலை செய்துகொண்டிருக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்குதல் ஆகியவை அறிகுறிகள். வெயில் மயக்கம் என்று எண்ணி நிழலில் படுக்க வைத்துவிட்டுப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு இழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108க்குச் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர் மடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் வயலுக்குப் போகக்கூடாது.

நெடுநாள் நீரிழிவில் பாதம் மரத்துப்போகும். முள் தைத்ததும், கல் கிழித்ததும், கொதிக்கும் மண் சுட்டதும் தெரியாது. சேற்றில் செருப்பணிய முடியாதுதான். ஆனால் வரப்பிலும் களத்திலும் அணியலாம். இரவு படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். சிறு புண்ணையும் அன்றே காட்ட வேண்டும். காலை இழந்த விவசாயிக்கு நிலம் இருந்தும் பயனில்லை.

சில ஐயங்களும் விளக்கங்களும்

கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஆகுமா? கருப்பட்டியில் சில தாதுக்கள் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. வெள்ளைச் சர்க்கரைக்கு உள்ள கட்டுப்பாடு அதற்கும் உண்டு.

கஞ்சியை வடித்துவிட்டால் சர்க்கரை போய்விடுமா? கொஞ்சம் மாவு போகும், கூடவே வைட்டமினும் போகும். சோற்றின் அளவைக் குறைப்பதற்கு இது மாற்றாகாது.

பழைய சோறு நல்லதா? ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவு எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. அந்தப் பயன் சிறியதே. அளவோடு எடுத்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்பது நல்ல காலை உணவு.

பழம் உண்ணலாமா? குற்றாலச் சீசனில் வரும் பழங்களையும் மா, வாழையையும் அளவோடு, பழமாகவே உண்ணலாம். சாறாகப் பிழிந்தால் நார்ச்சத்து போய், சர்க்கரை மட்டும் விரைவாக ஏறும்.

குழந்தைகளுக்கும் சோற்றைக் குறைக்க வேண்டுமா? வேண்டாம். வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் பருப்பு, முட்டை, பால், கீரை ஆகியவற்றைக் கூட்டினால் போதும்.

மண்ணைச் சோதித்து, பயிருக்கு வேண்டிய உரத்தை வேண்டிய அளவே இடுகிறோம். தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் பயிர் சாய்வதும் பூச்சி ஏறுவதும் நமக்குத் தெரியும். அதே கணக்குத்தான் உடம்புக்கும். ஆகவே விவசாயப் பெருமக்கள் தத்தம் உழைப்பை அறிந்து சோற்றை அளந்து, குறைத்த இடத்தில் தம் நிலத்தில் விளைந்த பருப்பையும் காயையும் வைத்து உண்டு, நோயற்ற வாழ்வு பெற வேண்டும்.